விரிக்கிற புல்லும் முளைக்கிற புல்லும்

கப்பல்காரரைக் கட்டிக்கொண்டவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சோபாவை எங்கே போடுவது, சுவருக்கு என்ன பெயிண்ட், வாசலில் என்ன செடி என்பதையெல்லாம் அவளே முடிவு பண்ணிக்கொள்ளலாம். குறுக்கே பேச ஆள் கிடையாது. போனில் நான் சண்டையை ஆரம்பித்தால் சரியாக அந்த நேரம் பார்த்து நடுக்கடலில் சிக்னல் போய்விடும். கடைசி வார்த்தை எப்போதும் என்னுடையதாகவே இருக்கும். அப்படியே பழகியும் போயிற்று.

அந்தச் சௌகரியமே வேண்டாம், மனுஷன் வீட்டில் இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது போன கிறிஸ்துமஸுக்கு அவர் வந்திறங்கியபோதுதான். என் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்க்கிறவர். இரும்புப் படிகளில் ஏறி இறங்கியே வயசைக் கழித்தவர், எங்கள் வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "இதுதான் கடைசி. இனிமே கப்பலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

இதை அவர் சொல்வது புதிதல்ல. ஒவ்வொரு தடவை வரும்போதும் இதுதான் கடைசி. முதல் மாசம் நன்றாகச் சாப்பிடுவார், தூங்குவார். இரண்டாவது மாசம் மொட்டை மாடியில் நின்று, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களைப் பார்க்க ஆரம்பிப்பார். அப்புறம் மும்பை ஆபீசிலிருந்து போன் வரும். "ஒரே ஒரு காண்ட்ராக்ட்" என்பார். வீடு மறுபடியும் எனக்கும் டிவிக்கும் மட்டும் என்றாகிவிடும். பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். இந்தத் தடவை இவரை விடக் கூடாது என்று நான் முடிவு பண்ணினேன். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

வழி எனக்குப் புல் வடிவத்தில் வந்தது.

முத்தையாபுரம் பக்கம் நாங்கள் வீடு கட்டியபோது முன்னால் கொஞ்சம் இடம் விட்டு அவர் ஆசைப்பட்டுப் புல்தரை போட்டிருந்தார். போன வருஷம் மாடி எடுத்தபோது அதன்மேல்தான் கலவை போட்டார்கள். தார்ப்பாய் விரித்துப் போடுவோம் அக்கா, ஒரு துளி சிந்தாது என்று கொத்தனார் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். தார்ப்பாய் முதல் நாள் மட்டும் இருந்தது. வேலை முடிந்து அவர்கள் போனபோது புல் இருந்த இடத்தில் சிமெண்ட் அடை அடையாக உறைந்து கிடந்தது. வெயிலுக்கு வடகம் காயப்போடலாம், வேறு எதற்கும் உதவாது.

இவர் வந்த அன்றைக்கே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"ஏளா, புல்லு எங்க?"

"நீங்க கேட்ட மாடிக்கு அடியில கெடக்கு, தோண்டி எடுத்துக்கிடுங்க" என்றேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே ஆள் வைத்து சிமெண்டைக் கொத்தி அள்ளினார். தேரிக்காட்டு மணல்மேட்டுப் பக்கமிருந்து ஒரு லோடு செம்மண் வந்தது. பிறகு என்னைப் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டப்பிடாரம் போகிற வழியில் ஒரு நர்சரிக்குக் கூட்டிப்போனார்.

நர்சரிக்காரர் நல்ல பேச்சுக்காரர். இரண்டு விதமாகச் செய்யலாம் என்றார். ஒன்று, கார்ப்பெட் புல். வெளியூரில் வளர்த்து, மண்ணோடு சதுரம் சதுரமாக வெட்டி லாரியில் கொண்டுவருவார்கள். டைல்ஸ் ஒட்டுகிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் விரித்து அமுக்கிவிட்டால் அன்றைக்குச் சாயங்காலமே புல்தரை. இன்னொன்று விதை. மணலோடு கலந்து தூவ வேண்டும். முளைக்கிற வரைக்கும் மேல்மண் காயவே கூடாது. ஒரு நாளைக்குப் பல தடவை பூவாளியில் பைய நனைக்க வேண்டும், வேகமாக ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடும். முளைத்த பிறகு களை எடுக்க வேண்டும். தரை மூடி, நடக்கிற மாதிரி ஆவதற்கு மாசக்கணக்கில் ஆகும்.

"அதுவரைக்கும் ஒரு ஆள் கூடவே நிக்கணும் அண்ணாச்சி, பச்சப்பிள்ளைய வளக்குத மாதிரிதான்" என்றார்.

அந்த இடத்தில் என் காது நிமிர்ந்தது. ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும். மாசக்கணக்கில்.

"கார்ப்பெட்டே போட்டுருவோம். வந்தான், விரிச்சான், சோலி முடிஞ்சது" என்றார் இவர்.

"விதைதான்" என்றேன் நான்.

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பொறுமைக்குப் பேர் போனவள் இல்லை. இட்லிக்கு மாவு அரைக்கக்கூட சோம்பல்பட்டு கடையில் பாக்கெட் மாவு வாங்குகிற ஆள். இவர் அதையே கேட்டும்விட்டார்.

"மாவக்கூட ரெடிமேடா வாங்குதவ, புல்லுக்கு மட்டும் என்னா?"

மனசில் இருந்ததைச் சொல்லவா முடியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வெளியூர் மண்ணில் வளர்ந்த புல்லுக்கு நம் ஊர் உப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, எங்கள் தெரு முடிகிற இடத்தில் உப்பளம் ஆரம்பிக்கிறது, இங்கேயே முளைத்தால்தான் அதற்கு இந்தத் தண்ணீர் பழகும் என்றேன். பேசப் பேச எனக்கே அது பெரிய ஞாயமாகத் தோன்றியது. நர்சரிக்காரர் தலையைச் சொறிந்தார்.

"இல்ல அக்கா, உப்புத் தண்ணில விதைதான் முளைக்கத் திணறும். வளந்த புல்லு தாங்கிக்கிடும். கார்ப்பெட்டுக்கும் தண்ணி காட்டத்தான் வேணும், ஆனா அண்ணாச்சி இல்லாட்டியும் நீங்களே ஓஸ் பைப்ப வச்சுப் பாத்துக்கிடலாம்."

அந்த மனுஷனை நான் பார்த்த பார்வையில் அவர் பூச்சட்டிகளை அடுக்கப் போய்விட்டார். இவர் என்னைச் சமாதானம் பண்ணப் பார்த்தார். நான் குரலை உயர்த்தினேன். போனில் சண்டை போட்டே பழகிய மனுஷர், நேரில் நின்று கத்துகிறவளிடம் என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார். இங்கே எந்த சிக்னலும் போகவில்லை. கடைசியில், "சரி, விதைன்னா விதை. தண்ணி எவன் ஊத்துவான்?" என்றார்.

"நீங்கதான்" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி சென்னையிலிருந்து வீடியோ காலில் வந்த மகளும் அப்பா கட்சிதான். "கார்ப்பெட்னா அழகா இருக்கும்மா, இந்தக் காலத்துல யாரும்மா விதை போடுறா" என்றாள். உனக்கு அறிவிருந்தால் நீயே புரிந்துகொள் என்று சொல்லவில்லை. போனை அவரிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டேன்.

வேலை என்று இறங்கிவிட்டால் இவரைப் பிடிக்க முடியாது. ட்யூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தார். ஒரு பக்கம் ஒரு விரல்கடை உயர்ந்திருக்கிறது என்று இரண்டு நாள் மண்ணை இழுத்துக்கொண்டே இருந்தார். கப்பலில் மாதிரி முறை வைத்து வாட்ச் போட்டார். காலை நாலிலிருந்து எட்டு அவர், எட்டிலிருந்து பன்னிரண்டு நான், அப்புறம் மறுபடியும் அவர். "நான் ஒங்க கப்பல்ல வேலைக்குச் சேரல" என்று சொல்லிப் பார்த்தேன். "விதை கேட்டது நீதான, வாட்ச்சுக்கு வா" என்றார். போர்வெல்லில் வருகிற உப்புத் தண்ணீர் ஆகாது என்பதால், ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற கார்ப்பரேஷன் தண்ணீரைத்தான் புல்லுக்குப் பிடித்து வைத்தோம். நாங்கள் குளிக்க உப்புத் தண்ணீர், புல்லுக்கு நல்ல தண்ணீர்.

விதைக்கப் போகிற நேரத்தில் என் தம்பி வந்து சேர்ந்தான். அவனுக்குக் கருவாட்டு வியாபாரம், சரக்கு அடுக்க ஒரு கிட்டங்கியும் உண்டு. வண்டியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினான்.

"அத்தான், மீன் தூளு. நம்ம கிட்டங்கில கூட்டி அள்ளினது. தென்னைக்கு இதத்தான் வாங்கிட்டுப் போறானுவ. இதப் போட்டுப் பாருங்க, புல்லு உங்க இடுப்புக்கு வரும்."

"இடுப்புக்கு வந்தா நான் எப்படில நடக்க?" என்றார் இவர். ஆனாலும் சந்தோஷமாக வாங்கி மேல்மண்ணில் கலந்துவிட்டார். மூலைக்கு வரும்போது தூள் தீர்ந்துபோயிற்று. பிறகு விதையைத் தூவி, பலகையால் தட்டி, பூவாளியில் நனைத்தோம். மூன்று பேருக்கும் ஒரே பெருமை.

கடற்கரையில் பிறந்து வளர்ந்த எங்கள் மூன்று பேர் மூக்கிலும் எந்த வாடையும் ஏறவில்லை என்பதுதான் இதில் விசேஷம். வேறு ஊர்க்காரர் ஒருத்தர் கூட இருந்திருந்தால் மூட்டையை இறக்கும்போதே மூக்கைப் பொத்தியிருப்பார். எதிர்வீட்டில் கோவில்பட்டியிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கிற அம்மா மூன்றாவது நாள் கேட் பக்கம் வந்து, "அக்கா, தினமும் கருவாட்டுக் குழம்பா வைக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். அப்போதுதான் நானே மூச்சை இழுத்துப் பார்த்தேன். அப்பவும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பூனைகளுக்குத் தெரிந்திருந்தது. தெருவில் இத்தனை பூனைகள் இருக்கிறதே எனக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியாது. அவை தோண்டின, அவை போன பிறகு காக்கைகள் கிளறின. நாலு மணி வாட்ச்சில் இவர் டார்ச் லைட்டோடு பூனை விரட்டினார், எட்டு மணி வாட்ச்சில் நான் துடைப்பத்தோடு காக்கை விரட்டினேன். மட்டம் பார்த்துப் பார்த்துப் போட்ட தரை, அம்மை போட்ட மாதிரி குழி குழியாகிவிட்டது. முளைக்க வேண்டிய நாள் வந்து, போயும்விட்டது. தூள் எட்டாத அந்த மூலையில் மட்டும் நாலைந்து பச்சை தெரிந்தது, அதையும் காக்கை பிடுங்கிப் போட்டது. மற்ற இடமெல்லாம் மண் மண்ணாகவே கிடந்தது.

இவர் குத்தவைத்து ஒரு விரலை மண்ணில் தொட்டு நாக்கில் வைத்தார். எழுந்து துப்பிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டார்.

"ஏலே மாப்ள, உப்புப் போட்ட கருவாடா போடாத கருவாடா?"

அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து இழுத்து இழுத்துச் சொன்னான். கிட்டங்கியில் இரண்டு குவியல் உண்டு. தென்னைக்குப் போவது உப்பில்லாமல் காயவைத்த பொடிமீனின் தூள். அவன் அவசரத்தில் அள்ளிக்கொண்டு வந்தது உப்புக்கருவாட்டுப் பக்கம் கூட்டினது.

"கூறுகெட்ட சவமே, நல்ல தண்ணிய மோந்து மோந்து ஊத்தி உப்பளம் போட்டிருக்கோம்ல" என்று இவர் ஏசினார். நான் குசினியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்றால், இனி மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி, மறுபடியும் முதலிலிருந்து விதைக்க வேண்டும். இன்னும் ஒரு மாசம் கிடைத்தது. என் கூடப்பிறந்தவன் தெரியாத்தனமாகச் செய்த உபகாரத்துக்கு அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இறால் வறுத்துப் போட்டேன்.

இரண்டாவது தடவை விதைத்து ஒன்றிரண்டு நாள்தான் இருக்கும். மத்தியானம் மும்பை ஆபீசிலிருந்து போன். இவர் வாசலில் நின்று இங்கிலீஷில் பேசினார். நான் குழம்பைக் கிண்டாமல் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். கப்பல் பேர் ஒன்று காதில் விழுந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றது விழுந்தது. முடியாது என்ற வார்த்தை விழவே இல்லை. சாப்பிடும்போது குழம்பு அடிப்பிடித்திருந்தது, அவர் அதைக் கவனிக்காமலே இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, தவக்காலம். சிலுவைப்பாதைக்குப் போகச் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். பரணிலிருந்து அவர் கப்பல் சூட்கேஸை இறக்குகிற சத்தம் கேட்டது. சேலைக்கு ஊக்கைக் குத்தாமலே வெளியே வந்தேன்.

"கிளம்பியாச்சா?"

"ஏளா, சும்மா எடுத்துப் பாக்கேன்."

"சும்மா யாரு சூட்கேஸ் எடுத்துப் பாப்பா? நான் எதுக்கு நர்சரில அந்தக் கத்து கத்துனேன்னு நினைக்கீக? எனக்குப் புல்லு மேல என்ன ஆசை? கார்ப்பெட்ட விரிச்சா மறுநாளே நீங்க கப்பல் ஏறிருவீக. விதைன்னா கூட நிக்கணும்னு அந்த ஆளு சொன்னாரு. அதுக்குத்தான் விதை கேட்டேன். மாடிப்படி ஏற முடியல, மூச்சு வாங்குது, இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு இன்ஜின் ரூமுக்குள்ள எறங்கி என்னத்த சாதிக்கப் போறீக? நான் இங்கன ஒத்தையில கெடக்கதுக்கா மாடியும் கீழும் கட்டி வச்சிருக்கீக?"

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் கார்ப்பெட் கேட்டதும் அதுக்குத்தான். இந்த வீட்டுல நான் வச்சது எதுவும் வளரதப் பாத்ததே இல்ல. முருங்கைய நட்டுட்டுப் போனேன், வந்தப்ப காய் பறிச்சுக்கிட்டு இருந்த. மூத்தவ வயித்துல இருக்கப்ப போனேன், வந்தப்ப என்னக் கண்டு அலறிக்கிட்டு ஓடினா. இளையவன் என்னய மாமான்னு கூப்புட்டான். விரிச்ச புல்லுனா ஒரு நாளாவது முழுசாப் பாத்துட்டுப் போகலாம்ல. விதையப் போட்டுட்டு அதையும் பாக்காமப் போனா என்னால தாங்க முடியாதுளா."

இத்தனை வருஷத்தில் கடைசி வார்த்தை என்னுடையதாக இல்லாமல் போனது அன்றைக்குத்தான். மாதா கோயில் மணி அடித்தது. போகாமலிருங்கள் என்று இன்னொரு தடவை கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ஊக்கைக் குத்திக்கொண்டு கிளம்பிவிட்டேன். கோயிலில் சிலுவைப்பாதையின் ஒவ்வொரு நிலையிலும் முழங்கால் போட்டேனே தவிர ஜெபம் எதுவும் ஓடவில்லை. அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை, போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை, அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பும்போது சூட்கேஸ் நிரம்பியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். விதைத்த தரை நடுவில் ஓர் ஆள் கையை விரித்துக்கொண்டு நின்றான். ஆரஞ்சு நிறப் பாய்லர் சூட், தலையில் வெள்ளை ஹெல்மெட், கையில் கையுறை. மங்கின வெளிச்சத்தில் அவர்தான் உடுத்திக் கிளம்பி நிற்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் உள்ளே தென்னை நார். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் துடைப்பக்கட்டை. அவர் கப்பலுக்குப் போட்டுக்கொண்டு போகிற உடுப்பு முழுவதும், கழற்றாத கம்பெனி பேட்ஜோடு, காக்கை விரட்டுகிற பொம்மையாக நின்றது.

இவர் ஸ்டூலில் உட்கார்ந்து பூவாளி மூக்கில் அடைத்த மண்ணை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல சொல்லிட்டேன்" என்றார்.

"என்னன்னு?"

"வர முடியாதுன்னு. ஏன்னு கேட்டான். போட்டுக்கிட்டு வர டிரெஸ் இல்லன்னேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷத்தை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. "அந்தத் துடைப்பம் நேத்துதான் வாங்குனது, அதப் போயா உடைச்சீக?" என்று ஏசினேன். அவர் பூவாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.

பொம்மைக்குக் காக்கைகள் இரண்டு நாள் பயந்தன. அப்புறம் ஹெல்மெட் மேலேயே உட்கார்ந்து கரைந்தன. மகள் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பா ஏன் வெயில்ல நிக்காங்க?" என்றாள். "டூட்டி பாக்காரு" என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு அம்மா மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பொம்மையைப் பார்த்துச் சேலைத் தலைப்பைச் சரிபண்ணிக்கொண்டு போனாள்.

ஒரு காலையில் நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து அவர் கூப்பிட்டார். "ஏளா, வெரசா இங்கன வா." பூனைதான் மறுபடியும் வந்துவிட்டது என்று பழைய துடைப்பத்தோடு ஓடினேன். அவர் மண்ணில் கவிழ்ந்து படுத்திருந்தார். கன்னம் தரையில் ஒட்டிக் கிடந்தது. விழுந்துவிட்டாரோ என்று பயந்துபோனேன்.

"குனிஞ்சு பாரு. நின்னு பாத்தா தெரியாது" என்றார்.

முட்டி வலியோடு நானும் பக்கத்தில் உட்கார்ந்து குனிந்தேன். முதலில் மண்தான் தெரிந்தது. பிறகு கண்ணுக்குப் பிடிபட்டது. ஊசி முனை அளவுக்கு, வெளுத்த பச்சையில், மண்ணைக் கீறிக்கொண்டு ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒன்று. பார்க்கப் பார்க்க அந்தப் பக்கமெல்லாம் வந்திருந்தது. அவர் ஒரு விரலை நீட்டி, தொடலாமா வேண்டாமா என்று மேலேயே வைத்துக்கொண்டிருந்தார். மீசையில் மண் ஒட்டியிருந்தது.

"மூத்தவளுக்கு மொதப் பல்லு வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமா. கைய வைக்காதீக, கடிச்சுப் போடும்" என்றேன்.